லயத்து அறையும் தாராவித் தகரப் பெட்டியும்

அருங்காட்சியகம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன அரசர்தம் வாளும் முடியும், கல்வெட்டும், செப்புத் திருமேனியுமே. இலங்கை மலையகத்தில் கம்பளையை அடுத்த பழைய பீகொக் தோட்டத்தில் 2007-ஆம் ஆண்டு அமைக்கப்பெற்ற சிறு அருங்காட்சியகத்தில் இவற்றுள் ஒன்றும் இல்லை. தேயிலைத் தொழிலாளர் குடும்பம் குடும்பமாக ஒண்டி வாழ்ந்த 'லயம்' எனும் வரிசை வீட்டு அறைகளே அதன் கட்டடம். அவர்கள் புழங்கிய பாத்திரங்கள், கருவிகள், அணிகலன்கள், பழைய தாள்கள் ஆகியனவே அதன் செல்வம்.

அத்தாள்களின் வரலாறு எளியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கும், இலைநோயால் காப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் நம் மக்கள் கங்காணிமாரின் பின்னே சென்றனர். தொழிலாளியின் கடனைக் குறித்த 'துண்டு' எனும் சீட்டே அவனைத் தளைத்தது. அக்கடனைத் தீர்ப்பவரே அவனை வேறு தோட்டத்திற்கு அழைத்துச் செல்ல இயலும். 1921-ஆம் ஆண்டில் துண்டு ஒழிந்தது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமோ வேறொரு தாளைக் கேட்டது. தந்தை இலங்கையிற் பிறந்தார், அன்றேல் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தனர் என்று மெய்ப்பிக்க வேண்டும். லயத்திற் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சான்று ஏது? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். அவர்தம் வழக்குத் தீர 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. முன்பு தாள் இருந்ததால் அடிமை. பின்பு தாள் இல்லாததால் அயலான்!

இதனை மும்பையில் இருந்துகொண்டு எண்ணுவதற்குக் காரணம் உண்டு. கோலி மீனவரின் பேரூர்களுள் ஒன்றாக 1909-ஆம் ஆண்டு அரசிதழ்த் தொகுப்பில் குறிக்கப்பெற்ற தாராவி, அந்நாளில் உப்பங்கழி. அதன் ஓரத்துத் தோல் பதனிடும் கூடங்களுக்கு நெல்லைச் சீமையிலிருந்து தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் வந்தனர். சேற்றைக் குப்பையாலும் மண்ணாலும் தாமே தூர்த்து அதன்மேற் குடிசை கட்டினர். 1913-ஆம் ஆண்டிலேயே அங்கே பிள்ளையார் கோயில் எழுந்துவிட்டது. தோல் பதனிடுதல் பெரும்பாலும் நின்று, தோற்பொருள் தைப்பதே இன்று எஞ்சியுள்ளது. அக்கூடங்களின் தொட்டி ஒன்றையேனும் நாம் காத்து வைத்தோமில்லை.

2016-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த கலைஞர் இருவர், இடம்விட்டு இடம் நகரும் சிறு அருங்காட்சியகம் ஒன்றைத் தாராவியில் நடத்தினர். பானையும் துடைப்பமும் அதில் கலைப்பொருளாய் வீற்றிருந்தன. நல்ல முயற்சியே. எனினும் அது இன்றைய கைத்திறனைக் காட்டிற்றேயன்றி, வந்தேறிய முதல் தலைமுறையின் வாழ்வைத் தேடவில்லை. கடல் கடந்து வந்தோரைக் குறை கூறுவானேன்? கீழடிப் பானையோட்டைக் கண்டு வியக்கும் நம்மவர்தாமே பாட்டியின் பித்தளைக் குடத்தைக் கடையில் எடைக்குப் போடுகின்றனர்.

மறுசீரமைப்புக்கான ஏலம் 2022-ஆம் ஆண்டின் இறுதியில் முடிவாகியது. தாராவிக்குள்ளேயே விலையின்றி வீடு பெறுவதற்கு, 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன்பே குடியிருந்தமைக்குச் சான்று வேண்டும். மேல்தளத்தில் இருப்போர் நிலை வேறு. நூறாண்டு வாழ்ந்த தெருவாயினும் தாள் இன்றேல் வழக்கு நில்லாது. கோப்புகளோடு காலந்தள்ளும் எழுத்தனாகிய எனக்கு அந்நியாயம் நன்கு விளங்கும். அதன் குரூரமும் விளங்கும்.

ஆகவேதான் தாராவி வீடுகளில் கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டி இருக்கிறது. 1976-ஆம் ஆண்டுக் குடிசைக் கணக்கெடுப்பிற்குப்பின் வழங்கிய போட்டோ பாஸ், பழுப்பேறிய ரேஷன் அட்டை, மின்கட்டண ரசீதுகள், ஊரிலிருந்து வந்த கடிதங்கள். கம்பளையிற் காட்சிக்கு உரியனவாகிவிட்ட தாள்களின் உடன்பிறப்புகள் இவை. ஆனால் இவற்றைக் கண்ணாடிக்குள் வைக்க இயலாது. அடுத்த வாரமே அதிகாரியின் மேசைமீது விரித்துக் காட்ட வேண்டியிருக்கும். அவை மழையில் நனையாதிருக்க மூதாட்டியர் பெட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்திருக்கின்றனர்.