இமயம் திருப்பித் தந்த வீரர்

1944 ஜனவரி 25-ஆம் நாள், சீனத்துக் குன்மிங் நகரிலிருந்து அஸ்ஸாமின் சாபுவா தளத்தை நோக்கி, எண்மருடன் புறப்பட்டது 'லிபரேட்டர்' என்னும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். விமானிகள் 'திமில்' என்று பெயரிட்டு அஞ்சிய மலைவழியில் அது மறைந்தது.

2006-இல், இன்றைய அருணாசலப் பிரதேச மலைச்சரிவில் அதன் சிதைவுகள் காணப்பெற்றன. அங்கு மீட்ட எச்சங்கள் 2016-இல் தாயகம் சென்றன. அவற்றுள் ராபர்ட் ஆக்ஸ்ஃபர்ட் என்னும் அதிகாரி அடையாளம் காணப்பெற்று, 2017-இல் ஜார்ஜியா மாநிலத்துக் கன்கார்டு என்னும் சொந்த ஊரில் அடக்கம் செய்யப்பெற்றார். வழிபார்த்திருந்த பெற்றோர் அன்று உயிருடன் இல்லை.

போர்க்கணக்கில் அவர் ஓர் எண். ஊர்க்கணக்கில் ஒரு வீட்டுப் பிள்ளை. 73 ஆண்டுகளுக்குப் பின்னும் அவருக்கென்று அங்கே ஆறடி மண் இருந்தது. பிறந்த ஊரைப் பிரிந்து வாழும் நாம் அதன் அருமையை அறிவோம்.