நம்மைச் சுற்றி வரும் பூனையும் அதன் அச்சமும்

பூனை வளர்க்கும் நம் குடும்பங்களில் ஒரு புகார் அடிக்கடி எழுகிறது. இதுவரை ஒழுங்காக இருந்த பூனை திடீரென்று கதவோரத்திலும் திரைச்சீலையிலும், சில வேளைகளில் தொழுகை விரிப்பிலும் சிறுநீரைப் பீய்ச்சத் தொடங்குகிறது. அடித்தும் விரட்டியும் பயனில்லை. இறுதியில் அது கோணிப்பையில் கட்டப்பட்டு எங்கோ ஒரு சந்தைக்கருகில் விடப்படுகிறது. இந்த முடிவு சரிதானா என்று அறிய, மனிதனும் பூனையும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்துவரும் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

சைப்ரஸ் தீவில் சுமார் 9500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில், மனித எலும்புக்கூட்டின் அருகே பூனையின் எலும்புக்கூடும் இருந்ததை ஆய்வாளர்கள் 2004-இல் அறிவித்தார்கள். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. அதன் மூதாதையான காட்டுப்பூனை தனித்து வேட்டையாடும் பிராணி. மற்றொரு பூனையோடு மோதிக் காயமடையாமல் இருக்க, தன் எல்லையை வாசனையால் குறித்துவைப்பது அதன் வழக்கம். வீட்டுக்குள் வந்த பிறகும் அந்த வழக்கம் அதைவிட்டு நீங்கவில்லை.

மதீனாவில் பூனைக்கு வீட்டில் இடமிருந்தது. ஸஹாபி அபூ கதாதா (ரலி) அவர்களுக்கு மருமகள் கப்ஷா உளூவுக்குத் தண்ணீர் வைத்தபோது, பூனை ஒன்று குடிக்க வந்தது. அவர்கள் பாத்திரத்தையே சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியந்து பார்க்கவே, பூனை நஜீஸ் அல்ல, நம்மைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். அபூதாவூத், திர்மிதி முதலிய நூல்களில் இது பதிவாகியுள்ளது. பூனையை அடைத்துவைத்துப் பட்டினி போட்டுக் கொன்ற பெண் தண்டிக்கப்பட்டதாக வரும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அதே வேளையில், பூனை நஜீஸ் அல்ல என்பதால் அதன் சிறுநீரும் தூய்மையானது என்று ஆகிவிடாது. நம்மிடையே நிலவும் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகள் அதை நஜீஸ் என்றே கொள்கின்றன. எனவே பூனையிடம் பரிவு, இடத்தில் தூய்மை ஆகிய இரண்டுமே நம் கடமைகள்.

அந்தப் பரிவு பிற்காலத்திலும் தொடர்ந்தது. 1830களில் கெய்ரோவில் வாழ்ந்த எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர், காஜியின் முற்றத்தில் நகரத்துப் பூனைகளுக்கு நாள்தோறும் உணவளிக்கப்பட்டதை எழுதியுள்ளார். 13-ஆம் நூற்றாண்டின் சுல்தான் பைபர்ஸ் பூனைகளுக்கென ஒரு தோட்டத்தையே விட்டுச் சென்றதாக அங்கே வழங்கிய செய்தியையும் அவர் குறித்துவைத்தார்.

பூனை ஏன் இப்படிச் செய்கிறது என்பதற்குக் கடந்த நூற்றாண்டின் அறிவியல் விடை தந்தது. அதன் சிறுநீரில் ஃபெலினின் என்ற அமினோ அமிலம் இருப்பது 1953-இல் கண்டறியப்பட்டது. கடுவன் பூனைகளிடம் இது மிகுதி. அது சிதையும்போதே அந்தக் கடும் நாற்றம் எழுகிறது. பூனை தன் கன்னத்தைப் பொருள்களில் உரசி விட்டுச்செல்லும் வாசனை அதற்கு அமைதி தருகிறது என்பதை 1990களில் பிரெஞ்சு கால்நடை மருத்துவர் பத்ரிக் பஜே விளக்கினார். அமைதியான பூனை கன்னத்தால் குறிக்கிறது. அஞ்சிய பூனை சிறுநீரால் குறிக்கிறது. இதில் வன்மமும் இல்லை, பழிவாங்கலும் இல்லை.

இனி நம் பகுதிக்கு வருவோம். 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தன. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019-இல் ஆவடியே தனி மாநகராட்சியானது. பூந்தமல்லி வரை தோட்டமும் கிணறும் கொல்லைப்புறமும் இருந்த மனைகளில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. ஓட்டுக்கூரையிலும் மதிற்சுவரிலும் எல்லை வகுத்த பூனை, இப்போது இரண்டு அறைகளுக்குள் இருக்கிறது. மாடிப்படியில் வேற்றுக் கடுவன் ஒன்று கத்தினால், ஓடி ஒளிய அதற்கு இடமில்லை. தன் கதவோரத்தைக் குறிக்கிறது. புது வீடும், புதுக் குழந்தையும், பெருநாள் விருந்தினர் கூட்டமும்கூட அதற்கு அச்சமூட்டலாம்.

முதலில் செய்ய வேண்டியது கவனித்தல். நின்றபடி வாலை நிமிர்த்தி நடுக்கிச் சுவரில் சிறிதளவு பீய்ச்சினால் அது எல்லைக் குறி. குந்தியிருந்து முக்கியும் சிறுநீர் வரவில்லையெனில் அது நோய். கடுவனுக்குச் சிறுநீர் அடைப்பு ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும். தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நமக்குத் தொலைவில் இல்லை.

எல்லைக் குறிதான் என்றால், அந்நியப் பூனை தெரியும் சன்னலின் கீழ்ப்பகுதியை மறைக்கலாம். அலமாரியின் மேல் உயரமான ஓர் இடத்தை அதற்கென ஒதுக்கலாம். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு மணல் தட்டு கூடுதலாக வைத்து நாள்தோறும் சுத்தம் செய்யலாம். கறைபட்ட இடத்தை என்சைம் கலந்த சலவைத்தூளால் கழுவி, பின் தூய நீரை ஊற்றி எடுக்க வேண்டும். பினாயில் வகைகள் பூனைக்கு நஞ்சாகக்கூடும். அமோனியா கலந்தவை சிறுநீர் வாடையை ஒத்திருப்பதால் அங்கேயே மீண்டும் குறிக்கத் தூண்டும். மென்மையான துணியால் பூனையின் கன்னத்தைத் தடவி, உலர்ந்த பின் அந்த இடத்தில் தேய்ப்பதும் உதவக்கூடும். தொழுகை விரிப்பை மடித்து உயரத்தில் வைத்துவிடலாம்.

வளர்ந்த கடுவன்களுக்குக் கருத்தடை செய்தால் பத்தில் ஏறத்தாழ ஒன்பதில் இப்பழக்கம் குறைவதை 1973-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. இதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பயன் கருதி ஹனஃபி நூல்கள் இடமளிக்கின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் கட்டுப்பாடு மிகுதி. உங்கள் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கிராமத்து அரபி ஒருவர் மஸ்ஜிதுக்குள்ளேயே சிறுநீர் கழித்தபோது, தோழர்கள் பாய்ந்தெழுந்தார்கள். அவரை விட்டுவிடச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், அந்த இடத்தில் ஒரு வாளி நீரை ஊற்றச் செய்தார்கள். அறியாமல் செய்த மனிதரிடமே அந்த மென்மை காட்டப்பட்டது என்றால், அஞ்சிச் செய்யும் வாயில்லாப் பிராணிக்குக் கோணிப்பை எப்படித் தீர்வாகும்? ஒரு வாளி நீரும் சிறிது பொறுமையும் நம் எல்லா வீடுகளிலும் இருக்கின்றன.