நோயாளிகளின் நலம் நாடி: யர்மூக் கரையின் வெந்நீர் ஊற்றும் ஹிஜ்ரி 42 ஆம் ஆண்டுக் கல்வெட்டும்

அரபு மொழியில் ‘ஹம்மா’ என்பது வெந்நீர் ஊற்றைக் குறிக்கும். குளியலகத்தைச் சுட்டும் ‘ஹம்மாம்’, காய்ச்சலைச் சுட்டும் ‘ஹும்மா’ ஆகிய சொற்களும் இதே வேரிலிருந்து கிளைத்தவையே. திருக்குர்ஆனில் ‘ஹமீம்’ என்னும் சொல் இருவேறு பொருள்களில் ஆளப்பட்டுள்ளது. நரகவாசிகளுக்குப் புகட்டப்படும் கொதிநீர் ஹமீம் எனப்படுகின்றது. உள்ளம் ஒன்றிய உற்ற நண்பனும் ஹமீம் எனப்படுகின்றான். வெம்மை வேதனையாகவும் வரும், அன்பாகவும் வரும் என்பதைப் பாலைநிலத்து மக்கள் நன்கு அறிந்திருந்தனர். அவர்களுடைய மொழியே அதற்குச் சான்று பகர்கின்றது.

தண்ணீரே அரிதான நிலத்தில், பாறையைப் பிளந்து கொண்டு வெந்நீர் தானே பெருக்கெடுப்பதைக் கண்ட மனிதன் வியப்புற்றதில் வியப்பில்லை. அதன் காரணத்தை இன்றைய நிலவியல் தெளிவாக விளக்குகின்றது. மேட்டுநிலங்களில் பெய்யும் மழையின் ஒரு பகுதி பாறை இடுக்குகளின் வழியே ஆழத்திற்கு இறங்குகின்றது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் ஆழத்திற்குச் சுமார் 25 முதல் 30 பாகை வரை வெப்பம் கூடுவதால் அந்நீர் சூடேறுகின்றது. கந்தகம் முதலான தாதுக்களையும் கரைத்துக் கொள்கின்றது. பின்னர் நிலப்பிளவு ஒன்றைக் கண்டு மேலெழுகின்றது. சாக்கடலையும் யோர்தான் ஆற்றையும் தாங்கி நிற்கும் நெடும்பள்ளத்தாக்கு அத்தகைய மாபெரும் பிளவாகும். ஆதலால்தான் அதன் இருமருங்கிலும் வெந்நீர் ஊற்றுகள் நிறைந்துள்ளன. திபரியா ஏரிக்கரையில் ஓர் ஊற்றுத் தொகுதி உள்ளது. சாக்கடலுக்குக் கிழக்கே, யோர்தான் நாட்டின் வறண்ட மலைகளுக்கிடையே, ஸர்க்கா மயீன் பள்ளத்தாக்கில் வெந்நீர் அருவியாகவே விழுகின்றது. இயேசு பிறந்த காலத்தை ஒட்டி வாழ்ந்த ஏரோது மன்னன் தன் இறுதி நோயில் அப்பகுதியின் கல்லிரோ ஊற்றுகளை நாடிச் சென்றதாக யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதியுள்ளார்.

இவற்றுள் நாம் இங்கே எடுத்துக்கொள்வது யர்மூக் ஆற்றங்கரையிலுள்ள அல்-ஹம்மா என்னும் இடத்தை. இஸ்லாமிய வரலாற்றில் அந்த ஊற்றுக்கு ஒரு தனியிடம் உண்டு. அதனை நம்மவர்களில் பலர் அறியார்.

அல்-ஹம்மா, பண்டைய கதரா நகரத்தின் அடிவாரத்தில் அமைந்தது. மேட்டின் மீதிருந்த கதரா இன்று யோர்தானில் உம்மு கைஸ் என வழங்குகின்றது. பள்ளத்தாக்கில் சில ஊற்றுகள் அருகருகே பிறக்கின்றன. அவற்றுள் மிக வெப்பமானது சுமார் 50 பாகை கொண்டது. அதற்கு மக்கள் இட்ட பெயர் ‘ஐனுல் மக்லா’, அதாவது வாணலி ஊற்று. மற்றொன்றின் பெயர் ‘ஐனுல் ஜரப்’, சொறிநோய் ஊற்று. இந்நீரை நாடி வந்தோர் யார் என்பதை இப்பெயரே கூறிவிடுகின்றது. உரோமர்கள் கி.பி. இரண்டாம் நூற்றாண்டளவில் இங்கே பெருங்குளியலகம் ஒன்றை எழுப்பத் தொடங்கினர். அதன் சிறப்பு, நீரைக் காய்ச்ச அடுப்பு தேவைப்படாமையே. ஊற்றின் கொதிநீருடன் தண்ணூற்றின் நீரைக் கலந்து, குளிக்கத்தக்க பதத்திற்குக் கொண்டுவந்தனர். கி.பி. 570 அளவில் இவ்வழியே சென்ற இத்தாலியக் கிறித்தவப் பயணி ஒருவர், தொழுநோயாளிகள் இங்கே தங்கி நீராடியதையும், அவர்களுக்கான செலவு பொது நிதியிலிருந்து வழங்கப்பட்டதையும் குறித்து வைத்துள்ளார்.

ஹிஜ்ரி 15 (கி.பி. 636) இல், இதே யர்மூக் ஆற்றின் மேற்பகுதியில் அந்தப் பெரும்போர் நிகழ்ந்தது. உரோமப் பேரரசின் ஆட்சி ஷாமிலிருந்து அகன்றது. அப்படியாயின், அந்த நோயாளிகளின் கதி என்னவாயிற்று? ஆட்சி மாறும்போது பெரும்பாலும் முதலில் கைவிடப்படுவது இத்தகைய அறநிலையங்கள்தாம். போரைப் பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்களை எழுதிய நம் வரலாற்றாசிரியர்கள் இவ்வினாவிற்கு விடை தரவில்லை. விடையைத் தந்தது ஒரு கல்.

1979 முதல் 1982 வரை நடந்த அகழாய்வில் அக்குளியலகத்தினுள் கிரேக்க மொழிக் கல்வெட்டு ஒன்று வெளிப்பட்டது. ஒன்பது வரிகள் கொண்ட அதன் சாரம் இதுதான்: அல்லாஹ்வின் அடியாரும் அமீருல் முஃமினீனுமான முஆவியாவின் காலத்தில், ஆளுநர் அப்துல்லாஹ் என்பவரால் இங்குள்ள வெந்நீர்க் குளியல் அமைப்பு சீரமைக்கப்பட்டது, கதரா நகரத்து யோவான் என்னும் அலுவலர் பணியை மேற்பார்வையிட்டார், நோக்கம், நோயாளிகள் நலம் பெறுவது.

ஆளுநரின் தந்தை பெயரைச் சிலர் அபூ ஹாஷிம் என்றும், சிலர் அபூ ஆஸிம் என்றும் வாசிக்கின்றனர். கிரேக்க எழுத்துகள் இரண்டிற்கும் இடம் தருகின்றன. திபரியாவைத் தலைநகராகக் கொண்ட உர்துன் மாவட்டத்தை அவர் ஆண்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் துணிபு.

கல்வெட்டு தன் காலத்தை மூன்று முறைகளில் கணக்கிட்டுச் சொல்கின்றது. உரோமரின் பதினைந்தாண்டு வரிச்சுற்றில் ஆறாம் ஆண்டு. கதரா நகரத்தின் ஆண்டுக் கணக்கில் 726. அரபியரின் கணக்கில் 42. நாள், டிசம்பர் 5, திங்கட்கிழமை. மூன்றும் ஒன்றோடொன்று முரணின்றிக் கி.பி. 662 ஐச் சுட்டுகின்றன. ஹழ்ரத் ஹஸன் (ரலி) அவர்கள் விட்டுக்கொடுத்து, சமுதாயம் ஒன்றுபட்ட ஆண்டு ஹிஜ்ரி 41. அதற்கு மறு ஆண்டே இப்பணி நிறைவேறிற்று. உள்நாட்டுப் போரின் காயம் ஆறாத வேளையில், நெடுநாள் பழுதுபட்டுக் கிடந்த நோயாளிகளின் குளியலகத்தை ஓர் அரசு எண்ணிப் பார்த்தது என்பதே நம் கவனத்திற்கு உரியது. கி.பி. 659 ஐ ஒட்டிப் பாலஸ்தீனத்தில் நிலநடுக்கம் நேர்ந்ததாகச் சுரியானி மொழிக் குறிப்பேடு ஒன்று கூறுகின்றது. பழுதிற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என ஆய்வாளர் கருதுவர்.

இக்கல்வெட்டின் தொடக்கத்தில் ஒரு சிலுவைக் குறி உள்ளது. இதனையே பற்றுக்கோடாகக் கொண்டு, முஆவியா (ரலி) அவர்கள் கிறித்தவராகவே இருந்தார் என்றும், இஸ்லாம் என்னும் மார்க்கம் அப்போது உருப்பெறவே இல்லை என்றும் மேலைநாட்டில் சிலர் எழுதலாயினர். நாம் இவ்வாதத்தைச் சினத்தால் அன்றிச் சான்றுகளால் எடைபோடுதல் வேண்டும்.

முதலாவது, கிரேக்கக் கல்வெட்டைச் சிலுவைக் குறியுடன் தொடங்குவது அக்காலத்துக் கிறித்தவக் கற்றச்சரின் வழக்கம். மேற்பார்வையாளரோ யோவான் என்னும் பெயருடையவர். நாம் கடிதத்தின் தலைப்பில் 786 என எழுதுவதைப் போன்றதொரு பழக்கம் அது. இரண்டாவது, கலீஃபாவின் பட்டம் கிரேக்கத்தில் மொழிபெயர்க்கப்படவில்லை. ‘அமீருல் முஃமினீன்’ என்னும் அரபுத் தொடரே கிரேக்க எழுத்துகளில் ஒலிபெயர்க்கப்பட்டுள்ளது. அதற்கு முன் ‘அப்துல்லாஹ்’, அல்லாஹ்வின் அடியார் என்னும் அடைமொழி நிற்கின்றது. தாயிஃப் அருகே ஹிஜ்ரி 58 இல் முஆவியா (ரலி) அவர்கள் கட்டுவித்த அணையின் அரபுக் கல்வெட்டிலும் இதே இரு தொடர்கள் இதே வரிசையில் காணப்படுகின்றன. அங்கே சிலுவை இல்லை. அரசின் மொழி இரண்டிடத்தும் ஒன்றே. செதுக்கிய கை மட்டுமே வேறு. மூன்றாவது, எகிப்தில் கிடைத்த ஹிஜ்ரி 22 ஆம் ஆண்டுப் பாப்பிரசு ஆவணம் ஒன்று கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதப்பட்டது. அதன் அரபுப் பகுதி பிஸ்மில்லாஹ்வுடனேயே தொடங்குகின்றது. அல்-ஹம்மாவின் கல்லுக்கு இருபதாண்டுகள் முந்தியது அது.

இக்கல்வெட்டு ‘ஹிஜ்ரி’ என்று சொல்லவில்லை, ‘அரபியரின் ஆண்டு’ என்றே சொல்கின்றது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து நோக்கிய ஒருவர் அப்படித்தான் குறிப்பிடுவார். ஷாமின் அரசுப் பதிவேடுகள் கிரேக்கத்திலிருந்து அரபிக்கு மாறியது கலீஃபா அப்துல் மலிக் காலத்தில், ஹிஜ்ரி 81 இல்தான். முஆவியா (ரலி) அவர்களின் நிதித்துறையை நடத்தியவரும் ஸர்ஜூன் இப்னு மன்ஸூர் என்னும் கிறித்தவரே. முஸ்லிம் ஆட்சியாளர், அரபு ஆளுநர், கிறித்தவ அலுவலர், கிரேக்க மொழி, எல்லாச் சமயத்து நோயாளிகள்: இவ்வளவும் ஒரு சிறு கல்லில் அடங்கியிருக்கின்றன. இதனைப் பலவீனமாக எண்ணி நாணுவதற்கு நமக்கு ஒரு காரணமும் இல்லை.

மார்க்க அறிஞர்கள் இத்தகைய நீரை எவ்வாறு நோக்கினர் என்பதும் அறியத்தக்கது. நம் மதரஸாக்களில் தொடக்கநிலை மாணவர் ஓதும் அபூ ஷுஜாவின் ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல், தூய்மை செய்யத்தக்க நீர்களை ஏழாக வகுத்துத் தொடங்குகின்றது; அவற்றுள் ஊற்று நீரும் ஒன்று. நீர் தான் தங்கும் இடத்தாலோ ஓடும் வழியாலோ நிறமும் சுவையும் மாறினால் அதன் தூய்மைத் தன்மை கெடாது என்றும் சட்ட அறிஞர்கள் விளக்கினர். அதற்கு அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று கந்தகம். மூக்கைத் துளைக்கும் கந்தக ஊற்றின் கரையில் நின்ற பயணியின் ஐயத்தை இந்த விதி தீர்த்துவிட்டது. பொறுக்கவியலாச் சூட்டிலோ குளிரிலோ உளூச் செய்வதை மட்டும் அவர்கள் விரும்பத்தகாததாக்கினர். உறுப்புகளை நிறைவாகக் கழுவ அது தடையாகும் என்பதே காரணம். நபித்தோழர்கள் ஷாமின் குளியலகங்களுள் சென்றதை இமாம் கஸ்ஸாலி தம் ‘இஹ்யா’வில் குறிப்பிடுகின்றார். மறைவிடங்களை மறைத்தல், பிறர்மீது பார்வையைத் தாழ்த்துதல், நீரை வீணாக்காமை ஆகியவற்றை வலியுறுத்தும் அவர், அங்குள்ள வெம்மையை உணரும்போது நரக வெம்மையை நினைவு கூருமாறும் பணிக்கின்றார். ‘ஹமீம்’ என்னும் சொல்லின் இரு பொருள்களும் இங்கே ஒரே தொட்டியில் கலந்துவிடுகின்றன.

மருத்துவரும் பின்தங்கவில்லை. கந்தக நீர்க்குளியல் நரம்பு வலிகளுக்கும் தோல் நோய்களுக்கும் பயன் தரும் என்பதை இப்னு சீனா ‘அல்-கானூன்’ நூலில் எடுத்துரைத்துள்ளார்.

உமையாக்களின் குளியலகங்கள் என்றதும் உலகம் இன்று நினைப்பது யோர்தான் பாலைவனத்துக் குஸைர் அம்ராவைத்தான். 1898 இல் அலோயிஸ் மூசில் வெளியுலகிற்கு அறிவித்ததும், 1985 இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றதுமான அம்மாளிகையில், சுவரெங்கும் வேட்டைக் காட்சிகளும் குளிக்கும் மகளிரும் தீட்டப்பட்டுள்ளனர். குவிமாடத்தில் விண்மீன் கூட்டங்கள் வரையப்பட்டுள்ளன. 2012 இல் தூய்மைப்பணியின்போது வெளிப்பட்ட எழுத்துகள், அது இளவரசர் வலீது இப்னு யஸீதுக்கு உரியது என்பதை உறுதி செய்தன. ஆழ்கிணற்றிலிருந்து விலங்குகளைக் கொண்டு நீர் இறைத்து, விறகெரித்துக் காய்ச்சி, ஓர் இளவரசரும் அவர் நண்பர்களும் மகிழ்ந்த இடம் அது. கலை வரலாற்றில் அதன் மதிப்பை நாம் மறுக்கவில்லை. எனினும் ஓர் ஆட்சியின் முகத்தை அதன் இளவரசர்களின் களிமண்டபத்தில் மட்டுமே தேடுவது நடுநிலையாகாது. குஸைர் அம்ராவுக்கு முக்கால் நூற்றாண்டு முன்பே, அதே குலத்தின் முதல் கலீஃபாவுடைய பெயர் தொழுநோயாளிகள் நீராடிய குளத்தின் அருகே பொறிக்கப்பட்டிருந்தது. அதனையும் வரலாற்றின் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

கி.பி. 749 ஜனவரியில் நேர்ந்த கடும் நிலநடுக்கம் அல்-ஹம்மாவின் மண்டபங்களை வீழ்த்தியது. குளியலகம் மீண்டும் எழவில்லை, ஊற்று நிற்கவுமில்லை. கி.பி. 985 அளவில் எழுதிய புவியியலாளர் அல்-முகத்தஸீ, சொறியும் புண்ணும் உடையோர் இங்கே வந்து மூன்று நாள் வெந்நீரில் நீராடி, பின்னர் வேறொரு குளிர்ந்த ஊற்றில் முழுகி, அல்லாஹ் நாடினால் நலம் பெறுவர் எனக் குறிக்கின்றார். நபி அய்யூப் (அலை) அவர்களுக்கு இறைவன் காலடியில் வெளிப்படுத்திய குளிர்ந்த குளியலை இது நமக்கு நினைவூட்டுகின்றது. திபரியா மக்களிடம் தாம் கேட்ட ஒரு கதையையும் அவர் பதிவு செய்கின்றார். முற்காலத்தில் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குளியலறை இருந்ததாம். மக்கள் மருத்துவரை நாடாமல் போய்விடுவர் என அஞ்சிய அரிஸ்டாட்டில், அரசனிடம் சொல்லி அவற்றை இடிக்கச் செய்தாராம். இது கதைதான். ஆயினும், இடிந்த மண்டபங்களுக்குக் காரணம் தேடிய மக்கள், நோயாளிக்கு இலவசமாகக் கிடைப்பதை எவரோ ஒருவர் பறித்திருக்க வேண்டும் என்றே எண்ணினர் என்பது கவனிக்கத்தக்கது.

அண்மைக் காலத்தில் அல்-ஹம்மாவுக்கு நேர்ந்ததோ கதையன்று. ஹிஜாஸ் இரயில்வேயின் ஹைஃபா கிளை 1905 இல் யர்மூக் பள்ளத்தாக்கின் வழியே வந்தபோது அங்கே ஒரு நிலையம் அமைந்தது. 1946 ஜூனில் யர்மூக் மீதிருந்த இரயில் பாலம் தகர்க்கப்பட்டது. 1949 போர்நிறுத்த உடன்படிக்கையில் அவ்வூர் படை விலக்கப்பட்ட பகுதியாயிற்று. 1951 மோதலுக்குப் பின் 1967 வரை சிரியாவின் கையில் இருந்து, அப்போரில் இஸ்ரேலின் வசமாயிற்று. அங்கு வாழ்ந்த பாலஸ்தீனக் கிராமம் இன்று இல்லை. தொழுவோர் அற்ற பள்ளிவாசல் ஒன்றின் மினாரா மட்டும் நிற்கின்றது. நோயாளிகளின் ஊற்று, நுழைவுக் கட்டணம் செலுத்துவோருக்கான உல்லாசத் தலமாயிற்று.

நீரோ, மாறாமல் சுட்டுக் கொண்டே பெருகுகின்றது. அதனைப் படைத்தவன் எந்த ஆட்சியின் அனுமதியையும் கேட்கவில்லை. ஆட்சியாளர்கள் செய்யக்கூடியது ஒன்றே: அந்நீரை அடைய நோயாளிக்கு வழிவிடுவது அல்லது அடைப்பது. ஹிஜ்ரி 42 இல் ஓர் ஆட்சி வழிவிட்டது. தன் மார்க்கத்தவர் அல்லாத ஒருவரின் கையாலும், தன் மொழியல்லாத மொழியிலும் அது எழுதப்பட்டதைப் பொருட்படுத்தவில்லை. முஆவியா (ரலி) அவர்களின் பெயர் தாங்கி நம் கைக்கு எட்டியவற்றுள் தாயிஃபின் அணைக்கல்லும் அல்-ஹம்மாவின் குளியற்கல்லும் முதன்மையானவை. இரண்டும் பேசுவது நீரைப் பற்றியே. அரசர்களின் பெயர் நிலைப்பது எதனால் என்று கேட்போருக்கு, அவ்விரு கற்களையும் நாம் சுட்டிக்காட்டலாம்.