தட்டிவான்

யாழ்ப்பாணத்தவரைத் தவிர மற்றவர்களுக்குத் தட்டிவான் என்றால் விளங்குவது கடினம். பிரித்தானியர் காலத்துப் பழைய வாகனங்களுக்கு மரத்தால் உடல் கட்டிப் பின்புறத்தில் சங்கிலியில் தாங்கும் பலகைத் தட்டியொன்றைப் பொருத்தினர். பெயர் வந்தது அதனால்தான்.

1958 ஜனவரி 1இல் பண்டாரநாயக்க அரசு தனியார் பஸ் சேவைகளைத் தேசியமயமாக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபையை அமைத்தது. பஸ் என்பது ஆட்களுக்கு. வாழைக்குலையும் தேங்காய் மூட்டையும் கொண்டு கொடிகாமம் சந்தைக்குச் செல்லும் பெண்களுக்கு அது போதவில்லை. சுமையோடு அவர்களையும் ஏற்றியது தட்டிவானே. அன்றைய வியாபாரம் அதனை நம்பியிருந்தது.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் அரிதாயிற்று. சில துளி பெற்றோலில் இயந்திரத்தை இயக்கிவிட்டுப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகை கண்ணைக் கரித்தது. அதைத் திட்டியவர்களும், பருத்தித்துறைக்குப் போக வேண்டுமானால், அந்தத் தட்டியில்தான் தொற்றிக்கொண்டார்கள்.