தலையாட்டியும் பச்சை நிறமும்

இலங்கையின் வடக்கு, கிழக்கில் போர்க்காலச் சுற்றிவளைப்புகளில் படையினர் ஊராரை வரிசையில் நடக்கவிடுவார்கள். சாக்கால் முகம் மூடிய தலையாட்டி, கண்ணுக்கு விட்ட ஓட்டை வழியே பார்த்துத் தலையசைத்தால் கைது. மீதியை 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். பயத்தில் ஆட்டினாரா, பழைய பகையிலா என்று கேட்க வழியில்லை. இணையக் கணக்குகளைத் திருநர்க்கு நட்பானால் பச்சை, எதிரானால் சிவப்பு எனப் பயனர்களின் குறிப்பை வைத்து நிறம்பிரிக்கும் ‘ஷினிகாமி ஐஸ்’ என்ற உலாவி நீட்சியிலும் குறை இதுவே: குறித்தவர் யார், ஏன் குறித்தார் என்பது குறிக்கப்பட்டவருக்குத் தெரியாது. 2022இல் நார்வேயின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்குத் தடை விதித்தது.

சாக்குக்குப் பின்னால் தடுப்பு முகாம் இருந்தது, நிறத்துக்குப் பின்னால் வெறும் ஒதுங்கல்தானே, ஓயாத வசவுக்கு ஆளாகும் திருநர்க்கு அந்த முன்னெச்சரிக்கை வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான், விளைவும் ஒன்றல்ல. ஆனால் தவறான பச்சை, நம்பி வந்த திருநரையே மாட்டிவிடும். குறிப்போடு காரணமும் தேதியும், மறுக்க ஒரு வழியும் சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு கூடுமே தவிரக் குறையாது. குறித்தவரின் பெயரைக்கூட வெளியிட வேண்டியதில்லை.