தோட்டத் தமிழரும் அரசாங்க ஏடுகளும்

ரந்தாவ், லிங்கி வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழர் தம் வரலாற்றைத் தாமே எழுதிவைத்தாரல்லர். அவர்தம் கூலியும் நோயும் பதிந்த நெகிரி செம்பிலான் செயலகக் கோப்புகள், 1957இல் நிறுவப்பெற்ற தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றை ஆய்வாளர் கேட்பது நியாயமே. ஆயினும் 1972ஆம் ஆண்டின் அரசாங்க இரகசியச் சட்டப்படி முத்திரையிட்ட கோப்பின் திறவுகோல் அதிகாரியிடமே உண்டு.

ஆட்பதிவோ வேறு இயல்பினது. 1948இல், அவசரகாலத்தில், அடையாள அட்டைகள் வந்தபோது கம்யூனிஸ்டுப் படையினர் அவற்றைப் பறித்து அழித்தனர். தாளின் வலிமையை அவர்களும் அறிந்திருந்தனர் போலும்! பிறப்புப் பத்திரமின்றிக் குடியுரிமைக்குத் தவித்த தோட்டத்துப் பிள்ளைக்குப் பழைய பதிவேட்டின் ஒரு வரியே வாழ்வு. அயலார் கைப்படின் அவ்வரியே கேடு. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ வணிகரைக் கட்டுப்படுத்திற்றேயன்றி மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தவில்லை. நிர்வாகக் கோப்புகளைத் திறந்துவைத்து, பிறப்பேட்டை உரியவர்க்கும் வழித்தோன்றலுக்கும் மட்டும் காட்டுவதே முறை.