பலாலி விமானத்தளம்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அயலில், மகாவலி கங்கை வளைந்து சூழும் தாவரவியற் பூங்கா, 1944 ஏப்ரல் முதல் தென்கிழக்காசிய நேசநாட்டுப் படைகளின் தலைமையகமாக விளங்கியது. மவுண்ட்பேற்றன் பிரபு அங்கிருந்தே பர்மாப் போரை நெறிப்படுத்தினார். கண்டியில் போர் திட்டமிடப்பட்டது. எனினும் மலைசூழ்ந்த இந்நகர் பெரிய விமானங்களுக்கு உகந்ததன்று. ஓடுபாதைகள் சமவெளிகளில் அமைந்தன. சீகிரியா, மின்னேரியா, சீனக்குடா, பலாலி ஆகிய ஊர்ப்பெயர்கள் இவ்வாறே உலகப்போரின் வரைபடத்தில் இடம்பெற்றன. இவற்றுள் பலாலியின் வரலாறு தனித்து நோக்கத்தக்கது. ஒரு விமானத்தளம் யாருடைய நிலத்தில், யாருடைய தேவைக்காக இயங்குகின்றது என்னும் வினாவை அது கூர்மையாக எழுப்புகின்றது.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பும், 9 ஆம் திகதி திருகோணமலையும் யப்பானிய விமானங்களின் தாக்குதலுக்குள்ளாயின. மலாயாவை இழந்த பிரித்தானியாவுக்கு இலங்கையின் இறப்பரும் துறைமுகங்களும் இன்றியமையாதனவாயின. இப்பின்னணியிலேயே யாழ்நகருக்கு வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தொலைவில் பிரித்தானிய விமானப்படை ஓடுபாதை அமைத்தது. ஆனால் அது வெற்று நிலமன்று. சுண்ணக்கற் பாறைமீது படிந்த செம்மண்ணில் கிணறு தோண்டி, துலாவினால் நீரிறைத்து, புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவித்த பல தலைமுறை உழைப்பின் பேறு அது. பயிர்ச்செய்கைக்கு உதவிய சமதரையே ஓடுபாதைக்கும் உதவிற்று என்பது வரலாற்றின் முரண்.

போர் முடிந்தபின்னரும் ஓடுபாதை உழுநிலமாக மீளவில்லை. 1947 டிசம்பர் 10 ஆம் திகதி எயர் சிலோனின் முதலாவது டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, இத்தளத்தினூடாகச் சென்னையை அடைந்தது. சுதந்திரத்துக்கு இன்னும் இரண்டு மாதங்களே இருந்தன. குடியேற்ற அரசின் உடைமை சுதேச ஆளும் வர்க்கத்தின் உடைமையாக மாறிய காலம் அது. படைத்தளம் பயணத்தளமாயிற்று, ஆயினும் அதனாற் பெரும் பயன் பெற்றோர் கட்டணம் செலுத்த வல்ல வணிகரும் உத்தியோகத்தருமே. தோட்ட நிலத்தில் கூலிக்கு உழைத்தவருக்கு விமானம் தலைக்குமேல் கேட்கும் இரைச்சலாகவே இருந்தது.

இனமுரண்பாடு போராக முற்றியபோது தளம் தன் பிறப்பின் இயல்புக்கே மீண்டது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். ஊர்கள் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. ‘பலாலி’ என்னும் சொல்லின் பொருளே மாறிற்று. முன்னர் செம்மண்ணையும் சென்னைப் பயணத்தையும் நினைவூட்டிய சொல், அப்போது குண்டுவீச்சையும் எறிகணையையும் குறிக்கலாயிற்று. தரைவழி மூடப்பட்டிருந்த 1990களின் பிற்பகுதியில் குடிமக்கள் அதே தளத்தினூடாகவே கொழும்பு செல்ல நேர்ந்தது. 1998 செப்டெம்பர் 29 ஆம் திகதி அங்கிருந்து புறப்பட்ட லயன் எயர் விமானம் கடலில் வீழ்ந்து 55 பேர் மாண்டனர்.

இடப்பெயர்வை ஓரினத்தின் பொதுத்துயராக மட்டும் நோக்குவது போதாது. வசதியுடையோர் கொழும்புக்கும் கடல்கடந்தும் சென்றனர். நலன்புரி நிலையங்களிற் கால் நூற்றாண்டு காலம் எஞ்சியிருந்தோரிற் பெரும்பாலோர், சொந்த நிலமற்ற, சாதியால் ஒடுக்கப்பட்ட உழைப்பாளரே. நிலம் மீளளிக்கப்படுவது உறுதியுடையோர்க்கு நீதியாகலாம். உறுதியே இல்லாதவர்க்கு அது எதனை மீட்டுத் தரும்? தேசிய இன ஒடுக்குமுறையும் வர்க்க, சாதி ஒடுக்குமுறைகளும் ஒன்றையொன்று ஊடறுப்பதைப் பலாலி துலக்கமாகக் காட்டுகின்றது.

2009 இல் போர் முடிவுற்றது. ஆயினும் 2013 இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தல் வெளியாயிற்று. மக்களின் எதிர்ப்பும் வழக்குகளும் தொடர்ந்தன. 2015 இன் பின் நிலங்கள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டனவெனினும் கணிசமான பரப்பு படையினர் வசமே எஞ்சியது. 2019 ஒக்டோபர் 17 ஆம் திகதி தளம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பர் 12 ஆம் திகதி மீண்டும் தொடங்கிற்று.

இச்சேவையை நாம் வரவேற்கவே வேண்டும். பாக்குநீரிணையின் இருகரை உறவுகள் புத்துயிர் பெறுதல் நன்றே. ஆனால் ஓடுபாதையை நீட்டுவது பற்றிய பேச்சு எழுந்தால் அயலூரவர் அஞ்சுவதற்கு வரலாற்று நியாயமுண்டு. பேரரசின் போருக்காகவும், பின்னர் தேசத்தின் பாதுகாப்பின் பெயராலும் அந்நிலம் பறிக்கப்பட்டது. மூன்றாம் முறை அபிவிருத்தியின் பெயராற் பறிக்கப்படலாகாது. பேராதனைப் பூங்கா போர் முடிந்ததும் பூங்காவாகவே மீண்டது. பலாலியின் செம்மண்ணுக்கு அப்பேறு கிட்டவில்லை. அம்மண்ணில் உழைத்தோர், உறுதியற்றவர் உட்பட, தமக்குரிய இடத்தைப் பெறும்வரை அங்கே போர் முற்றாக முடிந்துவிட்டதெனக் கொள்ளுதல் பொருந்தாது.